‘இதுல என்ன இருக்கு, யாருக்கும் தோணுமே’: ஒரு ஷூ சோலுக்குக் காப்புரிமை கேட்ட அனுபவம்

ஒரு ஷூ சோலுக்குக் காப்புரிமை கேட்டுச் சில ஆண்டுகள் அலைந்தேன். கிட்டத்தட்ட ஒரு வருடச் சம்பளம் அதில் போனது. அதில் பாதியாவது, யாராவது முன்கூட்டியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் மிச்சமாகியிருக்கும். அந்த இரண்டு மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். சோல், செருப்பு, மிதியடி என்று எதையாவது புதிதாகச் செய்துவிட்டு, ‘இதற்கெல்லாம் பேட்டன்ட் கிடைக்குமா, இது ரொம்பச் சாதாரணமாச்சே’ என்று குழம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில் நான் செய்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சமையற்கூடம், மருத்துவமனை மாதிரி ஈரத்தரை உள்ள இடங்களில் வேலை செய்கிறவர்கள் வழுக்காத ஷூ போடுகிறார்கள். வாங்கிய புதிதில் அது நன்றாகப் பிடிக்கும். சில மாதங்கள் போனதும் வழுக்க ஆரம்பிக்கும். ஏன் என்று பார்த்தால், நடக்கும்போது முதலில் தரையைத் தொடுவது குதிகாலின் பின்விளிம்பு. அதுவும் நேராக இறங்காது, சாய்ந்து இறங்கும். வழுக்கலைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 13287 முறையில்கூட, குதிகால் சோதனைக்கு ஷூவை 7 டிகிரி சாய்த்து வைத்துத்தான் இழுப்பார்கள். தரையில் தண்ணீரோ எண்ணெயோ இருந்தால் அது மெல்லிய படலமாக ரப்பருக்கும் தரைக்கும் நடுவில் சிக்கும். சோலில் இருக்கும் பள்ளங்கள் அதை வெளியே வடியவிடுகிற வாய்க்கால்கள். பெரும்பாலானவர்களுக்குக் குதிகாலின் வெளிப்பக்கப் பின்மூலைதான் முதலில் தேயும். அங்கே பள்ளம் மழுங்கிவிட்டால் திரவம் போக வழி கிடையாது. கால் அதன்மேல் மிதந்து சறுக்கிவிடும்.

சோல் அச்சு வடிவமைப்பில் பல காலம் வேலை பார்த்ததால் தேய்ந்த சோல்களைக் கையில் வைத்துப் பார்க்கிற வாய்ப்பு எனக்கு நிறையக் கிடைத்தது. அப்படித்தான் யோசனை வந்தது. மேலே தெரிகிற பள்ளங்களுக்கு அடியில், ரப்பருக்குள்ளேயே, இரண்டாவது வரிசை வாய்க்கால்களை மறைத்து வைப்பது. மேல்வரிசை தேய்ந்ததும் உள்வரிசை திறந்துகொள்ளும். அந்த உள்வாய்க்கால்களைச் சோலின் அடிப்பரப்புக்கு இணையாக வைக்காமல், குதிகால் எந்தச் சாய்வில் தேயுமோ அந்தச் சாய்விலேயே படுக்க வைத்தேன். தேய்மானம் அங்கே வந்து சேரும்போது வாய்க்கால் முழு நீளத்துக்கும் ஒரே சமயத்தில் திறக்கும். இந்தச் சாய்வை அப்போது நான் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. மறைவாய்க்கால்தான் என் கண்டுபிடிப்பு என்று மனதுக்குள் இருந்தது. பின்னால் கதை மாறியது, அதைச் சொல்கிறேன்.

கூட வேலை பார்த்த ஒருவரிடம் காட்டியபோது, “இதுல என்ன இருக்கு? பள்ளத்துக்குக் கீழ இன்னொரு பள்ளம், அவ்வளவுதானே” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அது உள்ளே தைத்துவிட்டது. அடுத்து ஒரு பேட்டன்ட் வக்கீலைப் பார்த்தேன். படத்தை இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, “ரொம்ப சிம்பிளா இருக்கு, கிடைக்கிறது கஷ்டம்” என்று சொல்லி ஆலோசனைக் கட்டணம் வாங்கிக்கொண்டார். இன்னொருவர் அதே படத்தைப் பார்த்து, “போட்டுடலாம், கண்டிப்பா கிடைக்கும்” என்றார். முன்னவருக்கு ஏன் கிடைக்காது என்று விளக்க நேரமில்லை. பின்னவருக்கு ஏன் கிடைக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கே அது சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. சில வாரங்கள் எதையும் தொடாமல் விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் யாராவது ஒரு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். விடை தெரிந்த பிறகு எந்தப் புதிரும் எளிதாகத்தான் தெரியும். இதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. பின்னோக்கிப் பார்த்து ‘இது சாதாரணம்’ என்று முடிவு கட்டக்கூடாது என்று காப்புரிமை அலுவலகங்கள் தங்கள் ஆய்வாளர்களுக்கே எச்சரிக்கை கொடுக்கின்றன. எளிமையாக இருப்பது ஒரு குறையே இல்லை. சோல்களின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 1935-இல் பால் ஸ்பெர்ரி, தன் நாய் பனியில் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து, ரப்பர் சோலில் மெல்லிய கத்திக் கீறல்கள் போட்டுப் படகு ஷூவை உருவாக்கினார். நைக்கியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பவர்மேன், வாஃபிள் சுடும் இரும்பு அச்சைப் பார்த்துச் செய்த சோலுக்கு 1974-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இரண்டையும் இன்று பார்க்கிறவர்கள் ‘இதில் என்ன இருக்கிறது’ என்றுதான் கேட்பார்கள். அதனால் முதல் குறிப்பு: உங்கள் சோல் எளிமையாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை ஒரு கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் கேட்கிற கேள்வி அது இல்லை.

அப்படியானால் சட்டம் என்னதான் கேட்கிறது? நான் புரிந்துகொண்ட வரையில் எல்லா நாட்டிலும் அடிப்படை ஒன்றுதான், வார்த்தைகள்தான் வேறு. விண்ணப்பத் தேதிக்கு முன்னால் உலகத்தில் வெளியாகியிருந்த எல்லாத் தகவலையும் ஒரு மேசையில் பரப்புங்கள். அந்தத் துறையில் சராசரித் திறமை உள்ள ஒரு கற்பனை மனிதரை அங்கே உட்கார வையுங்கள். உங்கள் சோலுக்கும் மேசையில் இருப்பவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் தானாகவே தாண்டி வந்திருப்பாரா? இவ்வளவுதான் கேள்வி. அமெரிக்காவில் 1966-இல் வந்த கிரஹாம் தீர்ப்பு இதைப் படிப்படியாகப் பிரித்தது: ஏற்கெனவே இருப்பது என்ன, வித்தியாசம் என்ன, துறையின் சராசரித் திறமை எவ்வளவு. கூடவே, பல காலமாகத் தீராமல் கிடந்த தேவையா, மற்றவர்கள் முயன்று தோற்றார்களா என்பது போன்ற புறச்சான்றுகளையும் பார்க்கச் சொன்னது. 2007-இல் வந்த கேஎஸ்ஆர் தீர்ப்பு கொஞ்சம் கறாரானது. அது ஒரு வண்டியின் ஆக்சிலரேட்டர் பெடல் பற்றிய வழக்கு. தெரிந்த பொருள்களைத் தெரிந்த விதத்தில் சேர்த்து, எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அது பெரும்பாலும் யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்றது. அந்தக் கற்பனை மனிதர் இயந்திரம் இல்லை, சாதாரண அளவுக்குப் படைப்புத்திறன் உள்ளவர் என்றும் சொன்னது.

ஐரோப்பாவில் கேட்கும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. மிக நெருக்கமான பழைய ஆவணம் எது, அதோடு ஒப்பிட்டால் உங்கள் வித்தியாசம் எந்தத் தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்கிறது என்று முதலில் பார்க்கிறார்கள். அப்புறம், துறை அறிந்தவர் இதைச் செய்திருக்க முடியுமா என்று கேட்டு நிறுத்திவிடுவதில்லை, உண்மையிலேயே செய்திருப்பாரா என்று கேட்கிறார்கள். முடியும் என்பதற்கும் செய்திருப்பார் என்பதற்கும் நடுவில்தான் என் விண்ணப்பம் பிழைத்தது. இந்தியச் சட்டத்தில் 2(1)(ஜேஏ) பிரிவு, தெரிந்ததைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும், கூடவே துறை அறிந்தவருக்கு அது எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 3(எஃப்) பிரிவையும் சோல் செய்கிறவர்கள் படித்துவிடுவது நல்லது. தெரிந்த சாதனங்களை வெறுமனே இடம் மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியே செய்துகொண்டிருந்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது அது. ஒரு சோலில் காற்றுப்பையையும் புதுப் பள்ளத்தையும் சேர்த்து வைத்துவிட்டு, இரண்டும் ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

இதெல்லாம் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே ஒரு பெரிய செலவு ஆகிவிட்டது. ஏற்கெனவே இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடித்தர ஒரு தேடல் நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். இரண்டு மாதச் சம்பளம் அதற்கே போனது. கனமான அறிக்கை வந்தது. முழுக்க முழுக்க ஷூ காப்புரிமைகள். என்னுடையது போல எதுவும் இல்லை என்ற முடிவுரையும் இருந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதிக்கு அடிப்படையே இல்லை என்று பிற்பாடு தெரிந்தபோது வந்த கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அவர்கள் ‘ஷூ’, ‘சோல்’, ‘வழுக்கல்’ என்ற சொற்களை வைத்து மட்டும் தேடியிருந்தார்கள். என் சிக்கல் ஷூவுக்கு மட்டும் உரியது இல்லை. ஈரத்தில் ரப்பர் வழுக்குவது, தேயத் தேயப் பிடிமானம் குறைவது என்பதெல்லாம் டயர்காரர்கள் ஷூக்காரர்களைவிட அதிகமாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம்.

ஒரு நாள் மெக்கானிக் ஒருவர் “டயர்ல பட்டன் தேஞ்சு போச்சு” என்று, டயரின் மேல் இருக்கும் பள்ளமேட்டைப் பற்றி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அன்று இரவே கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாஸ்நெட் என்ற காப்புரிமைத் தேடல் தளங்களில் உட்கார்ந்தேன். இரண்டுமே இலவசம். காப்புரிமைகளுக்கு உலகப் பொதுவான வகைப்பாட்டு எண்கள் உண்டு. வழுக்காத, தேயாத சோல்கள் ஏ43பி 13/22-இல் வரும். ஷூவில் பொருத்தும் வழுக்கல் தடுப்புச் சாதனங்கள் ஏ43சி 15-இல். டயர் பட்டன் அமைப்புகள் பி60சி 11-இல். இந்த மூன்றாவது எண்ணைப் போட்டுத் தேடியதுமே வந்துவிட்டது. தேயத் தேய வெளியே வரும் மறைபள்ளங்கள் டயரில் எப்போதோ வந்துவிட்ட சங்கதி. படத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. என் படத்தை யாரோ உருண்டையாக வளைத்து வரைந்த மாதிரி இருந்தது.

‘அது டயர், இது ஷூ, துறையே வேறு’ என்று வாதாடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். இது பெரும்பாலும் எடுபடாது. வேறு துறை ஆவணமாக இருந்தாலும், அது உங்கள் சிக்கலுக்கே விடை தேடுவதாக இருந்தால் ஆய்வாளர் அதை எடுத்து வைக்கலாம். அதிலும் சோலும் டயரும் ரொம்ப நாளாகக் கொடுக்கல் வாங்கல் உள்ள துறைகள். டயரில் இருக்கும் மெல்லிய கீறல்களைச் ‘சைப்’ என்று சொல்வது ஜான் சைப் என்பவரின் பெயரால். 1923-இல் அவர் பெயரில் காப்புரிமை பதிவானது. இறைச்சிக் கூடத்தின் ஈரத்தரையில் வழுக்காமல் இருக்க அவர் முதலில் தன் ஷூ சோலில்தான் கீறல் போட்டார் என்று சொல்வார்கள். இப்படி ஒரு உறவு இருக்கும்போது, டயரைப் பார்க்க சோல் வடிவமைப்பாளருக்குத் தோன்றாது என்று எந்த ஆய்வாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் தேடும்போது பொருளின் பெயரை வைத்துத் தேடாதீர்கள். அது தீர்க்கிற சிக்கலை வைத்துத் தேடுங்கள். சோல் என்றால் டயர், தரைவிரிப்பு, கையுறையின் பிடிமானப் பரப்பு வரைக்கும் போய்வர வேண்டும். இன்னொன்று: விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். எவ்வளவு நன்றாகத் தேடினாலும் கடைசி ஒன்றரை வருடச் சரக்கு உங்கள் கண்ணில் படாது. தேடல் அறிக்கை தருகிறவர் இதைச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

டயர் படத்தைப் பார்த்த பிறகு விட்டுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். அப்புறம் ஒரு தாளை எடுத்து, என் சோலில் இருக்கும் அம்சங்களை ஒவ்வொன்றாக எழுதி, எதிரே அது எந்தப் பழைய ஆவணத்தில் இருக்கிறது என்று குறித்தேன். வெளிப்பள்ளம் இருக்கிறது. உள்பள்ளம் டயரில் இருக்கிறது. விளிம்புவரை திறந்த வாய்க்கால் எல்லா வழுக்காத ஷூவிலும் இருக்கிறது. கடைசி வரியில் ‘உள்வாய்க்கால் தேய்மானச் சாய்வுக்கு இணையாக’ என்று எழுதியபோது எதிர்ப்பக்கம் காலியாக நின்றது. எங்கே தேடியும் அதை நிரப்ப முடியவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. டயர் சுற்றிச் சுற்றி ஓரளவு சமமாகத் தேயும். அங்கே சாய்வுக்கு அவசியமே இல்லை. டயரில் இருப்பதை அப்படியே எடுத்து சோலில் போடுகிறவர் வாய்க்காலைத் தட்டையாகத்தான் போடுவார். தட்டையாகப் போட்டால் என்ன ஆகும்? குதிகால் மூலையில் சின்னத் துளையாகத் திறந்து, உள்ளே அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போய் அடைந்துகொள்ளும். முழு வாய்க்கால் திறப்பதற்குள் அது அடைபட்ட குழாயாகிவிடும்.

உங்கள் சோல் காப்புரிமைக்குத் தேறுமா என்று தீர்மானிக்க எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி இந்தத் தாள்தான். வக்கீலிடம் போவதற்கு முன் இதை நீங்களே செய்யலாம், செலவே கிடையாது. காலியாக நிற்கிற வரி ஒன்றுகூட இல்லையென்றால், எல்லா அம்சமும் ஏற்கெனவே எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அப்போதும் ‘இவற்றைச் சேர்க்க யாருக்காவது காரணம் இருந்ததா, சேர்த்ததும் எதிர்பாராதது ஏதாவது நடந்ததா’ என்று கேட்கலாம். இரண்டுக்கும் உங்களிடம் பதில் இல்லையென்றால் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்வதே நல்லது. காலி வரி இருந்தால் அடுத்த கேள்வி, அந்த வித்தியாசம் ஏதாவது வேலை செய்கிறதா என்பது. அறுகோணப் பள்ளத்தை எண்கோணமாக மாற்றியிருக்கிறீர்கள், பிடிமானத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் அது வெறும் வடிவ விருப்பம். அதற்குக் காப்புரிமையைவிட வடிவமைப்புப் பதிவுதான் பொருந்தும்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஷூக்களை நிஜமாகவே சிலரைப் போட்டு நடக்க வைக்க வேண்டியிருந்தது. தேய்ந்தால்தானே தெரியும். இது ஆபத்தான கட்டம். பல நாடுகளில் விண்ணப்பத் தேதிக்கு முன் நீங்களே வெளியிட்டாலும் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். அமெரிக்காவில் சொந்த வெளியீட்டுக்கு ஒரு வருட அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் மிக அரிதான விதிவிலக்குகளைத் தவிர அவகாசமே கிடையாது. அதனால் ஷூவைப் போட்டு நடந்த ஒவ்வொருவரிடமும் ஒரு பக்க ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினேன். தெரிந்தவர்கள்தான், கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஒருவர் “என்மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டே விட்டார். அந்தக் காகிதம் பின்னால் எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். தற்காலிக விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரத்தைத் தருவது என்ற வழியும் உண்டு. ஆனால் தற்காலிக விண்ணப்பத்தில் இல்லாத அம்சத்துக்கு அந்தத் தேதி கிடைக்காது. அதனால் சாய்வு, அதன் கோண வரம்பு, அதை ஏன் அப்படி வைத்தேன் என்ற காரணம், படம் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதச் சொன்னேன். விண்ணப்பத்தை எழுதித்தந்த பேட்டன்ட் ஏஜென்ட் அவ்வளவு வேண்டாம் என்றார். நான் விடவில்லை.

எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் எழுதும் வரிகளைக் கோரிக்கை என்பார்கள். என் விண்ணப்பத்தின் முதல் கோரிக்கை அகலமாக இருந்தது: தேயும்போது திறக்கும் உள்வாய்க்கால் உள்ள எந்த ஷூ சோலும் என்று. அகலமாக ஆரம்பித்துத் தேவைப்பட்டால் குறுக்கலாம் என்பது வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் குறுக்கிப் போக வேண்டிய இடங்களைச் சார்புக் கோரிக்கைகளாக, அதாவது முதல் கோரிக்கையோடு ஒரு கூடுதல் அம்சத்தைச் சேர்க்கும் கோரிக்கைகளாக, அடுக்கி வைத்திருக்க வேண்டும். சாய்வு அப்படி ஒரு சார்புக் கோரிக்கையாக உட்கார்ந்திருந்தது.

ஆய்வறிக்கை வந்த நாள் ரொம்ப மோசமான நாள். நான் கண்டெடுத்த மாதிரியான ஒரு டயர் காப்புரிமை, ஒரு பழைய வழுக்காத ஷூ காப்புரிமை, இரண்டையும் சேர்த்தால் எல்லாக் கோரிக்கையும் துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியவை என்று எழுதியிருந்தார்கள். சாய்வைப் பற்றி ஒரே வரி: கோணத்தைத் தேர்ந்தெடுப்பது வழக்கமான வடிவமைப்பு வேலை. வருடக்கணக்கில் தேய்ந்த சோல்களை அளந்து கண்டுபிடித்த விஷயத்தை ஒரே வரியில் வழக்கமான வேலை என்று சொல்லிவிட்டார்களே என்று அழுகையே வந்துவிட்டது. இதை அனுபவிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் அறிக்கையில் மறுப்பு வருவது சர்வசாதாரணம். அது தீர்ப்பு இல்லை, பேச்சுவார்த்தையின் முதல் வரி. பதில் எழுதக் கெடு உண்டு, அதை மட்டும் தவறவிடக்கூடாது. இரண்டு நாள் அதைத் தள்ளி வைத்துவிட்டு, அப்புறம் மறுபடி படியுங்கள். அப்போதுதான் அதில் என்ன இல்லை என்பது தெரியும். எனக்கு வந்த அறிக்கையில், அந்த ஷூவை வைத்திருக்கும் ஒருவர் டயர்ப் பள்ளத்தை ஏன் சாய்த்து வைப்பார் என்பதற்குக் காரணமே சொல்லப்படவில்லை. முடியும் என்று இருந்தது. செய்திருப்பார் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஏஜென்ட் வாதங்களை மட்டும் வைத்துப் பதில் எழுதிவிடலாம் என்றார். நான் சோதனை செய்தே தீர வேண்டும் என்று நின்றேன். அதற்கு இன்னொரு செலவு, புதிய அச்சுகள். ரப்பருக்குள் மறைந்திருக்கும் வெற்றிடத்தை ஒரே அழுத்தத்தில் வார்க்க முடியாது, இரண்டு அடுக்காக வார்த்து ஒட்ட வேண்டும். இதுவும் ஒரு வாதமாயிற்று: சும்மா கோணத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று யாரும் இவ்வளவு சிரமப்பட மாட்டார்கள். ஒரே ரப்பர், ஒரே வெளிப்பள்ளம், மூன்று சோல்கள். ஒன்றில் உள்வாய்க்கால் இல்லை, ஒன்றில் டயர் மாதிரி தட்டையான வாய்க்கால், ஒன்றில் சாய்ந்த வாய்க்கால். மூன்றையும் ஒரே சாய்வில் தேய்த்து, அழுக்கும் எண்ணெயும் படவைத்து, வழுக்கல் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். நடுவில் இருக்கும் அந்தத் தட்டை வாய்க்கால் சோல்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. என் சோல் சாதாரண ஷூவைவிட நன்றாகப் பிடிக்கிறது என்று நிரூபிப்பதில் ஆய்வாளருக்கு அக்கறை இல்லை. அவர் சொல்லும் சேர்க்கையை அப்படியே செய்து பார்த்தால் என்ன வரும், என்னுடையதில் என்ன வருகிறது என்பதுதான் ஒப்பீடு. தட்டை வாய்க்கால் சோல், உள்வாய்க்காலே இல்லாத சோலைவிடப் பெரிதாக மேலாக இல்லை. அடைத்துக்கொண்டுவிட்டது. சாய்ந்த வாய்க்கால் பிடித்தது. ஒப்பீட்டுச் சோதனை செய்கிறவர்கள் இதை மறக்காதீர்கள்: எதிரே வைக்க வேண்டியது சந்தையில் கிடைக்கும் மட்டமான சோலை அல்ல, மிக நெருங்கிய பழைய வடிவத்தை.

விண்ணப்பத் தேதிக்குப் பின்னால் செய்த சோதனையை ஏற்பார்களா என்று பயம் இருந்தது. அந்தப் பலனைப் பற்றி மூல விண்ணப்பத்திலேயே பேசியிருந்ததால்தான் அது நின்றது. ‘வாய்க்கால் ஒரே சமயத்தில் திறப்பதால் அடைப்பு குறையும்’ என்று ஒரு பத்தி அதில் இருந்தது. அந்தப் பத்தி இல்லாமல் புதிதாக ஒரு நன்மையைப் பின்னால் கொண்டுவந்து நுழைப்பது மிகக் கஷ்டம். கோண வரம்பை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டிருந்தால் பின்னால் கோரிக்கையில் சேர்க்கவே முடியாது. எழுதும்போது அதிகப்படியாகத் தோன்றும் விவரத்தை வெட்ட விடாதீர்கள்.

நேர்காணல் விசாரணையில் ஆய்வாளர் பொறுமையாகக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். தேய்ந்த சோல்களையே கையில் எடுத்துக் காட்டினோம். அவர் கேட்டதெல்லாம் சரியான கேள்விகள்: தேய்மானச் சாய்வு ஆளுக்கு ஆள் மாறாதா, அப்படியானால் உங்கள் கோணம் எப்படி எல்லாருக்கும் பொருந்தும்? அதற்கு வரம்பும், வரம்புக்குள் எங்கே இருந்தாலும் தட்டையைவிட மேல் என்ற அளவீடும் இருந்தது. கடைசியில் அகலமான முதல் கோரிக்கையைக் கைவிட்டு, சாய்வையும் கோண வரம்பையும் சேர்த்த குறுகிய கோரிக்கையோடு காப்புரிமை வந்தது.

குறுகியது என்றால் என்ன என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். யாராவது தட்டையான மறைவாய்க்கால் வைத்து சோல் செய்தால் நான் தடுக்க முடியாது. அது சரியாக வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. இது எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம். ஆனாலும் அந்த அகலமான கோரிக்கை கிடைத்திருந்தால்கூட, டயர் காப்புரிமையை யாராவது எடுத்து வந்து பின்னால் அதை ரத்து செய்ய வைத்திருக்க முடியும். பலவீனமான பெரிய உரிமையைவிட நிற்கக்கூடிய சின்ன உரிமை வியாபாரத்துக்கு மேல் என்று இப்போது நினைக்கிறேன். உரிமம் வாங்க வந்த ஒரு சோல் தயாரிப்பாளரும் முதலில் கேட்டது, என்னென்ன பழைய ஆவணங்களைத் தாண்டி இது வந்தது என்பதைத்தான்.

சோலின் வெளிப்பள்ளக் கோலத்தை வடிவமைப்பாகத் தனியே பதிவு செய்தேன். அது பார்வைக்குத் தெரிகிற தோற்றத்தை மட்டுமே காக்கும், உள்ளே மறைந்திருப்பதையோ அது வேலை செய்கிற விதத்தையோ காக்காது. இந்தியாவில் இந்தப் பதிவு 10 வருடம், மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். காப்புரிமையோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு, சீக்கிரமும் கிடைக்கும். உங்கள் சோலில் புதிதாக இருப்பது தோற்றம் மட்டும்தான் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அங்கேயும் ஏற்கெனவே வெளியான வடிவங்களோடு ஒப்பிடுவார்கள், அதற்கான அளவுகோல் வேறு.

ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் இப்போது கேட்கும் கேள்விகள் இவை: ரப்பரோ வார்ப்போ உங்களுக்குத் தெரியுமா? தேடலை எந்தெந்த வகைப்பாட்டு எண்களில் செய்வீர்கள்? மிக நெருங்கிய பழைய ஆவணம் எது என்று விண்ணப்பம் போடுவதற்கு முன்பே எனக்குக் காட்டுவீர்களா? மறுப்பு வந்தால் பதில் எழுதும் கட்டணம் முதல் கட்டணத்தில் சேர்ந்ததா, தனியா? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் போகிறவர்கள் பலர். விண்ணப்பக் கட்டணத்தைவிட மறுப்புக்குப் பதில் எழுதும் செலவும் சோதனைச் செலவும்தான் எனக்கு அதிகமாயின. ‘கிடைக்கும்’, ‘கிடைக்காது’ என்று படம் பார்த்ததும் சொல்கிறவரை விட, ‘தேடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்கிறவரிடம் போங்கள்.

வேறொரு நாட்டில் போட்ட விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறது. அங்கே ஆய்வாளர் டயரை விட்டுவிட்டு, ஒரு பழைய மலையேற்ற ஷூவை எடுத்திருக்கிறார். அதிலும் குதிகாலில் ஒரு சாய்வு இருக்கிறது, ஆனால் அது வெளிப்பரப்பின் சாய்வு, உள்ளே எதுவும் இல்லை. அதே தாளை மறுபடி எடுத்து அந்த ஷூவுக்கு ஒரு பத்தி சேர்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறேன். பதிலுக்கான கெடு அடுத்த மாதம்.